பூஜை ரூமுக்கு மட்டும் வேற ஆள்

திண்டிவனத்தில் எங்கள் சபை நடத்தும் பயிற்சி மையத்தில் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஹவுஸ் ஒயரிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற கன்னியாஸ்திரி நான். கன்னியாஸ்திரி என்றால் சாந்தமாக இருப்பாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஒரு கோபம் இன்றுவரை ஆறவில்லை.

செல்வி ஒலக்கூர் பக்கத்துப் பெண். அம்மா கொல்லைகளில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போகிறவர். பயிற்சி முடித்துச் செல்வி தனியாக எடுத்த முதல் வேலை, பக்கத்து ஊரில் ஒரு புது வீடு. இது நன்றாக முடிந்தால் அடுத்தடுத்த வீடுகளையும் தருவதாகக் கட்டட மேஸ்திரி சொல்லியிருந்தார். இல்லையென்றால் அவளும் கொல்லை வேலைக்குத்தான் போகவேண்டும்.

பின்பக்கத் தோட்டத்து வாசல் வழியாகவே போய்வந்து, ஹால், கிச்சன், பெட்ரூம் எல்லாம் ஒயர் இழுத்து முடித்தாள். வேலையைப் பார்க்கப் போன என்னை வீட்டுக்காரர் ஓரமாக அழைத்தார்.

“சிஸ்டர், பூஜை ரூமை மட்டும் வுட்டுடச் சொல்லுங்க. அதுக்கு வேற ஆள் வெச்சிக்கிறேன்.”

“ஏன், வேலை சரியில்லையா?”

“வேலை சூப்பருங்க. காலனிப் பொண்ணு, சாமி இருக்கிற எடம்... உங்களுக்குத் தெரியாததா?”

“அந்தச் சுவரைக் கட்டினதே காலனி ஆளுங்கதானே?”

“அது அப்போ. இப்ப டைல்ஸ் ஒட்டி படம் மாட்டியாச்சே.”

செங்கல் சுமந்தபோது ஒட்டாத தீட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடித்தால் ஒட்டிக்கொள்ளுமாம்! “செல்வி, டூல்ஸை எடுத்து வை. கிளம்பலாம்” என்று கத்தினேன்.

அவள் நகரவில்லை. “நீங்க கோச்சிக்கினு மடத்துக்குப் போயிடுவீங்க சிஸ்டர். நான் எங்க போறது?”

அவளே வீட்டுக்காரரிடம் போனாள்.

“பூஜை ரூமை வுட்டுடறேங்க. ஆனா அந்த ரூமுக்கு லைன் எடுக்க, நான் போட்ட மெயின் போர்டுல வேற ஆள் கை வெச்சா, அப்புறம் இந்த வூட்டு லைனுக்கு நான் பொறுப்பில்ல. வர்றவரே மொத்தத்துக்கும் பொறுப்பேத்துக்கட்டும்.”

எங்கள் தொழிலில் ஒருவர் இழுத்த லைனுக்கு இன்னொருவர் லேசில் பொறுப்பேற்க மாட்டார். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன்கள், “போட்டவங்களையே கூப்பிடுங்க” என்று நழுவிவிட்டார்கள். கிரகப்பிரவேசம் நெருங்கியதும் வீட்டுக்காரர் எங்கள் மையத்துக்கு வந்து நின்றார்.

“ஜல்தியா அந்தப் பொண்ண அனுப்புங்க சிஸ்டர். ஒரே பேஜாரா போச்சி.”

“எந்த வாசல் வழியா வரணுங்க?” என்று செல்வி கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “முன்வாசல்லயே வாம்மா.”

அப்படியே போய், பூஜை அறையில் லைட் போட்டுவிட்டு வந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே அழைத்தார்கள். அவளை அழைக்கவில்லை. மேஸ்திரி மட்டும் சொன்னபடி அடுத்த வீட்டைத் தந்தார்.

நான் கோபப்பட்டால் எனக்கு மடத்தில் சோறு உண்டு. அவள் கோபப்பட்டால் பிழைப்பே போகும். இது எனக்கு அன்றுதான் உறைத்தது. இப்போது செல்வி விழுப்புரம் வரை போய் வேலை செய்கிறாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறாள்: “எல்லா ரூமும் நான்தானே?”

தலையைச் சொறிகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே அவள் டூல்ஸ் பையைத் திறப்பதே இல்லை.