நாற்பத்தொரு பெயர்கள்

என் சித்தி அரசாங்கங்களுக்குக் கடிதம் எழுதுபவர். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியது போக மிச்ச நேரமெல்லாம் அதுதான் வேலை. "அடுப்புல பால் பொங்குறது தெரியல, அடுத்த நாட்டு மந்திரிய கேள்வி கேக்குறா" என்பார் அப்பா. அம்மா தங்கையை விட்டுக்கொடுக்காமல் பாலை இறக்கி வைப்பாள்.

எனக்கு எட்டு வயதானபோது சித்தி ஒரு பள்ளிக்கூடத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த போரில், ஊரைவிட்டு ஓடியவர்கள் ஒரு பள்ளியில் தங்கியிருந்தபோது அதன்மேல் குண்டு விழுந்தது. அங்கே பிள்ளைகளே இல்லை, ஆயுதம் ஏந்தியவர்கள்தான் இருந்தார்கள் என்று அந்த நாட்டு அரசு கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிட்டது. அதை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளும் பேராசிரியர்களும் சேர்ந்து வெளிநாட்டில் ஒரு குழு அமைத்திருந்தார்கள்.

அங்கே தங்கியிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியை எங்கள் ஊருக்குப் பக்கத்து அகதிகள் முகாமில்தான் இருந்தார். டீச்சரை அவர்கள் ஊரில் 'ரீச்சர்' என்பார்களாம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரைப் பார்க்க அனுமதி கேட்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு நடந்ததிலேயே சித்திக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.

முகாமில் நெட் நிற்காது என்பதால், ரீச்சர் சாட்சி சொல்லும் நாளுக்கு எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார் சித்தி. எனக்குப் பள்ளி விடுமுறை, வீட்டில் ஆளில்லை. நானும் போனேன்.

"வாயத் தொறக்கக் கூடாது. மூச்சுகூட மெதுவா விடணும், புரியுதா?" என்றார் சித்தி.

லேப்டாப் திரையில் ஐந்து பேர் தெரிந்தார்கள். நரைத்த தலையுடன் இருந்த ஒரு நீதிபதி அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார். சித்தி ரீச்சரிடம் தமிழில் சொன்னார்: "பிள்ளைங்க இருந்தாங்கன்னு காட்ட ரெக்கார்டு ஏதாவது இருக்கானு கேக்குறாங்க."

"இடாப்பு எரிஞ்சு போச்சுது" என்றார் ரீச்சர். வருகைப் பதிவேட்டைத்தான் அப்படிச் சொன்னார். "ஆனா ஒவ்வொரு நாளும் நான் கூப்பிட்ட பேருகள்தானே. இப்பவும் கூப்பிடுவன்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில், ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். ஏழாவதாக வந்தது, "கயல்விழி."

அது என் பெயர். பழக்கதோஷம், எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

சித்தியின் முகம் வெளுத்தது. மாதக்கணக்கில் அலைந்ததை ஒரே நொடியில் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. ரீச்சர் திரும்பி என்னையே பார்த்தார். பிறகு, "ஓம் பிள்ளை, இருங்கோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு எட்டாவது பெயரைக் கூப்பிட்டார். நாற்பத்தொன்றையும் முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

நடுவில் பேசியது யார் என்று நீதிபதி அம்மாள் கேட்க, சித்தி தட்டுத்தடுமாறி விளக்கினார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு முறை கூப்பிட முடியுமா என்று கேட்டார். ரீச்சர் அதே வரிசையில், ஒரு பெயர்கூட மாறாமல் கூப்பிட்டார். இந்த முறை நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயர்களை வைத்து, நாலு தேசங்களில் சிதறிக் கிடந்த உறவினர்களைக் குழு தேடிப் பிடித்தது. எல்லாப் பெயரும் சரியாக இருந்தது. மறு வருஷம் நாற்பத்தொரு பெயர்களோடும் அறிக்கை வந்தது. பத்திரிகைகள் விடாமல் கேட்கக் கேட்க, அந்த அரசு தன் பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றது. பள்ளியில் பிள்ளைகள் இருந்தார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியது.

அந்த ஒரு வரிக்கு முகாமே பட்டாசு வெடித்தது. அப்பா ரெண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, தானாகவே முகாமுக்கு வண்டியை விட்டார். "எங்க வீட்டுப் பொண்ணுங்க அவ" என்று சித்தியைக் காட்டிக் காட்டி எல்லோருக்கும் கொடுத்தார். சித்தி வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரீச்சர் அறிக்கையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கடைசி வீட்டில் ஒரு அம்மா, அந்தக் குண்டில் பறிகொடுத்த தன் மகன் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். ரீச்சர் விரல் வைத்து வாசித்தார். "இன்னொருக்கா" என்றார் அந்த அம்மா. மூன்று முறை ஆயிற்று. நாலாவது முறை அறிக்கையை என் கையில் கொடுத்தார்கள். நான் உரக்க வாசித்தேன். அந்த அம்மா அத்தனை பெருமையாகச் சிரித்தார்.

தான் வைத்த பெயர்தானே, அச்சில் இருந்தால் மட்டும் அதில் என்ன புதுசு என்று நினைத்துக்கொண்டே, கையிலிருந்த மைசூர்பாகைக் கடித்தேன்.