பிடி அரிசி டின்னில் வைத்த தாலிக்கொடி

போன வருடம் கண்டிப் பெரஹெரா ஊர்வலம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அடுத்தவருடைய தாலிக்கொடியைத் தொலைத்துவிட்டு நின்றேன். சபையில் எழுந்து சாட்சி சொல்லக் கூச்சப்படுகிறவள் நான். அதனால் எழுதித் தருகிறேன்.

கண்டியில் என் கணவர் சுற்றுலாப் பயணிகளுக்குக் கேம்பர் வேன் ஓட்டுகிறார். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். சமையலுக்கு நானும் போவேன். அந்த வாரம் கனடாவிலிருந்து வந்த ஒரு யாழ்ப்பாணத் தம்பதியர் எங்கள் வேனில் இருந்தார்கள். சனிக்கிழமை மாலை அந்த அம்மா தன் தாலிக்கொடியையும் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு சின்னப் பையில் போட்டு என்னிடம் தந்தார்.

"அக்கா, பெரஹெரா சனத்துக்குள்ள இதைப் போட்டுக்கொண்டு போகப் பயமாக் கிடக்கு. நாங்கள் போகுமட்டும் நீங்களே வச்சிருங்கோ."

வேன் பூட்டை நம்ப எனக்கு மனமில்லை. சமைக்கும்போதெல்லாம் ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்போமே, வேனில் இருக்கும் அந்த டின்னுக்குள் பையைப் புதைத்தேன். காணிக்கை அரிசியில் எந்தத் திருடனும் கைவைக்க மாட்டான் என்று நினைத்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வேனுக்கு வந்து பார்த்தால் டின் இல்லை. ஆலயத்துக்கு வெளியே வாகனம் பார்த்துக்கொள்ளும் மனிதர்மேல் சந்தேகப்பட்டேன். தேவன் என்னை மன்னிப்பாராக. கணவரோ சாதாரணமாகச் சொன்னார்.

"அதை நான்தான் பாஸ்டரம்மாகிட்ட குடுத்தேன். நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

பாஸ்டரம்மா அதை டின்னோடு ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துச் சகோதரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் கணவர் படுத்த படுக்கை, மூன்று பிள்ளைகள். அந்தச் சகோதரி அதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார். போனும் இல்லை. மறுநாள் எங்கள் விருந்தினருக்கு விமானம்.

அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? என்னைத் திருடி என்று நினைத்துவிட்டால்? வேன் கதவை மூடிக்கொண்டு அழுதேன். பொருளைக் கேட்டு ஜெபிக்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, உண்மையைச் சொல்ல மட்டும் தைரியம் தாரும்" என்றேன். எழுந்து வெளியே போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. கை கழுத்தைத் தடவியது. நால்வரும் உடனே ஹேவாஹெட்டவுக்குப் புறப்பட்டோம்.

தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் அந்தச் சகோதரி கண்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தப் பை.

"அரிசி களையப் போனப்ப இருந்துச்சுங்க. யாரு தவிக்கிறாங்களோன்னு அப்படியே கெளம்பிட்டேன். புள்ளைங்க இன்னும் சாப்புடல."

விருந்தினர் அம்மா பையை வாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்தான் சோறாக்கினேன்.

இப்போது கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி பொருத்தியிருக்கிறோம். இதைத் தூக்கிக் காணிக்கையாகக் கொடுக்க முடியாது என்று கணவர் கேலி செய்வார். எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை. யார் எதைத் தந்தாலும் வைக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறேன்.

பயத்தில் வாயடைத்துப் போயிருக்கும் சகோதரிகளே, முதலில் கர்த்தரிடம் சொல்லுங்கள். பிறகு யாரிடம் சொல்லப் பயப்படுகிறீர்களோ, அவரிடமே போங்கள். நான் அழுதுகொண்டிருந்த நேரத்திலேயே கர்த்தர் ஒரு தாயை உலை வைக்கும் முன்பே எங்களை நோக்கிப் புறப்பட வைத்திருந்தார்.