கயிறில்லாத மைதானம்

என் அத்தான் விளையாடுவதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவர் காலைத்தான் பார்ப்பார்கள். அந்த வருஷம் நான் மட்டும் ரெஃப்ரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் மாதா கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த ஃபுட்பால் போட்டியின் இறுதி ஆட்டம் அது. விசில் அந்த மனுஷனின் உதட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் அத்தானைத் தேடி ஓடியது.

காரணம் எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அத்தானுக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிருந்தது.

அவர் சங்கு குளிக்கிறவர். கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்கி, சங்கைப் பொறுக்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, இடுப்புக் கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பார். படகில் இருக்கிறவன் உடனே தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை எங்கள் பக்கம் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்று அந்தக் காலத்திலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். எனக்கும் குளிக்கத் தெரியும். ஆனால் ஆழம் போனால் நெஞ்சை அடைக்கும். அதனால் மேலே உட்கார்ந்து கயிறு பிடிப்பது எனக்கு வசதியாகவே இருந்தது.

ஆழம் காதைக் காவு கேட்கும். ஒரு காது போன குளியாட்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் உண்டு, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் போனவரை எங்கள் சம்மாட்டி, அதாவது படகுக்குச் சொந்தக்காரர், குளிக்க இறக்கவே மாட்டார். மோட்டார் லாஞ்சுகள் பெருகிவிட்ட சமயம். தண்ணீருக்கு மேலே வருகிறவன் "லாஞ்சு வருது, ஒதுங்கு" என்ற கூச்சலைக் கேட்காவிட்டால் தலைமேல் ஏறிவிடும். சம்மாட்டியின் கண்ணெதிரிலேயே ஒருவன் அப்படிப் போயிருக்கிறான். மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்ததும் சங்குக் குளி தொடங்கிவிடும். அதற்குள் அத்தானின் காது விஷயம் சம்மாட்டிக்குத் தெரிந்தால் அவருடைய பிழைப்பே போய்விடும். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

அந்தச் சம்மாட்டிதான் எங்கள் டீமுக்குப் பெரிய ரசிகர். எந்த ஆட்டமானாலும் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

பேசாமல் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டிருந்த அத்தான், "நான் இறங்கலேன்னா ஏன்னு கேப்பாவ. என்னலே சொல்லுவ?" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் சொல்லும்போதே கால் விரலால் தரையில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். விளையாடாமல் அவரால் இருக்க முடியாது. அதுதான் உண்மை.

அன்று மதியம் அக்கா சோற்றைப் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "கடல்ல அவரு கயிறு உன் கையில இருக்கு. நான் பயப்படல. அங்கன என்னலே பண்ணுவ?" என்று கேட்டாள்.

"பக்கத்துலயே ஓடுதேன். விசில் ஊதினதும் தோளைத் தொட்டுருவேன்."

"நீ பின்னால நிக்கிற பேக்குல்லா? அவரு முன்னால விளையாடுதவரு."

"ஓடுதேன்னு சொல்லுதேன்லா" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

ஆறுமுகநேரியிலிருந்து வந்த எதிர் டீமில் பாதிப்பேர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நாங்கள் வெறுங்கால். கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் எங்கள் ரசிகர்கள், அவர்களுக்கு நடுவில் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. மேட்ச் என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். இரண்டு விரலை வாயில் மடித்து அவர் விசிலடித்தால் ரெஃப்ரியின் விசில் எது, அவருடையது எது என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் தொடங்குமுன்பே ரெஃப்ரி அவரிடம் போய், "அண்ணாச்சி, இன்னைக்கு விரலைக் கட்டிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அண்ணாச்சி நல்ல பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்திலேயே மாட்டிக்கொண்டோம். ரெஃப்ரி ஃபவுலுக்கு ஊதினார். எல்லோரும் நின்றார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அத்தான் பந்தைக் கொண்டுபோய் கோலுக்குள் அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"விசில் ஊதினா நிக்க மாட்டியாவே?" என்று ரெஃப்ரி கத்தினார்.

நான் நடுவில் புகுந்தேன். "காத்து சார். கச்சான் இந்த அடி அடிக்கு, எனக்கே கேக்கல."

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா வெளிய அனுப்பிருவேன்."

நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். சம்மாட்டி லேஞ்சியை எடுத்து முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாதாவே என்று மூச்சு விட்டேன்.

அதற்கப்புறம் அத்தானை விட்டு நான் நகரவில்லை. அவர் இடப்பக்கம் போனால் நானும் இடப்பக்கம். ஊதினதும் ஓடிப்போய்த் தோளைத் தொடுவேன், அவர் நிற்பார். கூட்டத்துக்கு வேடிக்கையாகிவிட்டது. "அவன் கயிறு பிடிக்கிறவன்லா, கரையிலயும் விட மாட்டக்கான்!" என்று எவனோ கத்த, மைதானமே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை வருகிற மாதிரி இருந்தது. நான் விட்டுவிட்டு வந்த இடம் வழியாகவே ஆறுமுகநேரிக்காரர்கள் புகுந்து கோல் போட்டார்கள்.

துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் கேப்டன் என் பனியனைப் பிடித்து உலுக்கினார். "ஏலே, பேக்கு பேக்குல நிக்கணும். அத்தான் பின்னால வாலு மாதிரி எங்கலே போற?"

நான் என் இடத்துக்கு நடந்தேன். கேப்டன் விடவில்லை.

"இனிமே நடுக்கோட்டைத் தாண்டினேன்னு வையி, அப்படியே வீட்டுக்குப் போயிரு."

இடைவேளைக்குப் பிறகு எங்களில் ஒருவன் தலையால் முட்டி ஒரு கோலைத் திருப்பினான். ஆட்டம் சமன். நான் பின்னால் கட்டிப்போட்ட மாடாக நின்றேன். அத்தான் தூரத்தில், புழுதிக்கு அப்பால், தனியாக ஓடிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் பாதி மைதானம் கிடந்தது. ஊதாதே, ஊதாதே என்று நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்து எங்கள் கோல்கீப்பர், "ஜெபமாலை சொல்லுதியோ?" என்று கேட்டான்.

வெயில் இறங்கி, ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது பந்து அத்தான் காலுக்கு வந்தது. ஒருவனைத் தாண்டினார். கூட்டம் எழுந்து நின்றது. அப்போது விசில் கேட்டது.

நான் நின்றேன். கேப்டன் நின்றார். ஆறுமுகநேரி பேக்குகள் இருவரும் நின்றார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் கையைத் தொங்கப்போட்டான். அத்தான் மட்டும் ஓடினார். நின்றுகொண்டிருந்த ஆட்களுக்கு நடுவில் புகுந்து போய், பந்தை மெதுவாக உள்ளே தட்டிவிட்டார்.

விசிலடித்தது ரெஃப்ரி இல்லை. கம்பத்துக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சி, சந்தோஷம் தாங்காமல் வாய்க்குள் போன விரலை அப்போதுதான் வெளியே எடுத்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஊதலை" என்று சொல்லி ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டிக் கை நீட்டினார். கோல்! கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தது.

ஆனால் அத்தான் திரும்பியபோது பார்த்தது எல்லோரும் சிலையாய் நின்றதைத்தான். மறுபடியும் தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்துவிட்டார். ரெஃப்ரி கை நீட்டியதை அவர் கவனிக்கவே இல்லை. நேராக அவரிடம் போய்க் கும்பிட்டார். "மன்னிச்சுக்கிடுங்க சார். காத்துல விசில் கேக்கல. வெளிய அனுப்பிராதீங்க."

"கோல்யா! கோல்னு சொல்லுதேன்லா!" என்று ரெஃப்ரி அவர் காதருகே குனிந்து கத்தினார்.

அத்தான் கும்பிட்ட கையை இறக்கவில்லை. "இந்த ஒரு தடவை சார்" என்றார்.

ஓடி வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சம்மாட்டியும் அங்கே வந்திருந்தார். நான் அத்தானின் தோளைத் தொட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் சம்மாட்டி முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

சம்மாட்டி அவர் எதிரில் வந்து நின்று, உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நல்ல கோலுலே." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவனை இனி நான் கடல்ல இறக்க மாட்டேன். தெரியும்லா?"

நான் கெஞ்சினேன். அக்காவைச் சொன்னேன், பிள்ளைகளைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கயிறு பிடிக்கக் காது எதுக்கு? கை போதும். இனி அவன் பிடிக்கட்டும். நீ இறங்கு."

கோப்பையோடு ஊர்வலம் போனார்கள். அத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் பின்னால், மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கடல் தெளிந்தது. முதல் நாள் காலையில் கயிற்றை என் இடுப்பில் அத்தானே முடிந்தார். முடிச்சை அவிழ்த்து மறுபடியும் முடிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். அடியில் கால் பட்டது. ஒரு சங்கு கண்ணில் பட்டு அதற்குக் கை நீட்டுவதற்குள் இடுப்பு இழுபட்டது. நான் கயிற்றை அசைக்கவே இல்லை.

வெறும் பையோடு மேலே வந்து படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "என்ன அத்தான், அதுக்குள்ள தூக்கிட்டிய?"

அவர் என் உதட்டைப் பார்த்தார். அவருடைய உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்திருந்தது.

"நீ கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சுலே" என்றார்.