குனிந்த கண்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஜெயபுஷ்பம் இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்திருந்தாள். பணிவினால் அல்ல, தையல் மெஷினின் உயரம் அப்படி. ஷூவின் மேல்தோலைத் தைக்கிறவள் ஊசியைத்தான் பார்க்க வேண்டும், உலகத்தை அல்ல. போன மாசம் ஆஸ்பத்திரியில், முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து உட்காரும் வேலை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குனிந்தால்தான் சம்பளம் என்பது டாக்டருக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்து கம்பெனியில் நிமிர்ந்த வேலை ஒன்றுதான்: சூப்பர்வைசர். அந்த இடம் காலியானதும் எழுதிப் போட்டாள்.

இன்டர்வியூவுக்கு வருகிற பெண்களைச் சாப்பாட்டு ஹாலில் நிறுத்தி, ஹெச்.ஆர். ரெனிட்டா பாடம் எடுத்தாள். "தோளைப் பின்னாடி தள்ளுங்க. மோவாயத் தூக்குங்க. உடம்பு நிமிந்தா மனசு தானா நிமிரும். முக்கியமா, சார் கண்ணப் பாத்துப் பேசுங்க. வலி கிலின்னு மூஞ்சில காட்டக் கூடாது."

ஜெயபுஷ்பம் ஒரு வாரம் மெஷின் பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கப் பழகினாள். அடுத்த மெஷின் வஹீதாதான் பரீட்சை அதிகாரி.

"இன்னாக்கா, கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற? மூச்சு வுடு."

முதுகு வலித்தது. ஆனால் நிமிர்ந்தால் பயம் கம்மியானது உண்மை. இத்தனை வருஷம் பயந்தது மனசா, முதுகா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்டர்வியூவில் மேனேஜர் ஞானசீலனின் முதல் இரண்டு கேள்விகளுக்கு, அவர் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னாள். மூன்றாவது கேள்விக்கு அவர் கால்மேல் கால் போட்டார். அவள் பார்வை சரிந்தது.

"சார், உங்க இடது ஷூவுல ஒரு தையல் வுட்டுப் போயிருக்குது."

அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். ஒரே ஒரு தையல், எள்ளளவு.

"இந்தக் கண்ண மெஷின வுட்டு எழுப்பினா கம்பெனி தாங்குமாம்மா?" என்றார் மனம் நிறைந்து.

பாராட்டில் கள்ளம் இல்லை. அதனாலேயே மறுத்துப் பேச வரவில்லை. முதுகு என்ற சொல் தொண்டைவரை வந்தது. தோளை நன்றாகப் பின்னால் தள்ளி, மோவாயைத் தூக்கி, அதை விழுங்கினாள். படித்த பாடம் அதற்குத்தான் உதவியது. சூப்பர்வைசர் வேலை அடுத்த லைன் ஹீனாவுக்குப் போனது.

"நிமிந்து நின்னியாக்கா?" என்றாள் வஹீதா.

"நின்னேன். கண்ணுதான் குனிஞ்சிடுச்சு."

வஹீதா சிரிக்கவில்லை.

மத்தியானம் மேனேஜரின் இடது ஷூ அவள் மெஷினுக்கு வந்தது. ஜெயபுஷ்பம் கை ஊசியில் நூல் கோத்தாள். இடுப்பில் கை வைத்து முதுகை ஒரு தரம் நீட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.