பெட்டி மூடியில் அத்தை பிறந்த நேரம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகப் போனவன் நான். எந்த ரயில் நிலையத்தில் படுத்து எழுந்தாலும், பலகையில் 02.15 என்று பார்த்தால் சங்கரன்கோவிலும் அத்தையும் நினைவுக்கு வந்துவிடும்.

அத்தை, அப்பாவின் தங்கை. விசைத்தறிகளுக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். அப்போதே முப்பத்தைந்து வயது. அவளுடைய ஆயில்ய நட்சத்திரம் மாமியார் உயிருக்கு ஆகாது என்று, மாமியார் இருக்கிற வீட்டிலிருந்து யாரும் பெண் கேட்டு வரவில்லை. மாமியார் இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் பேரன் எடுத்தவர்களாக இருந்தார்கள். அந்தத் தோஷம் கழிய வெள்ளிக்கிழமைதோறும் அத்தை கோவிலில் தகரப் பாம்பு வாங்கி உண்டியலில் போட்டு, நெற்றியில் புற்றுமண் பூசிக்கொண்டு வருவாள்.

அந்த வருஷம் அம்மாவின் தம்பி பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். பதினாறு மணிக்குக் காப்பி கேட்பார். "ஏலே, நம்ம வீட்டுக் கடியாரத்துல பன்னெண்டுக்கு மேல நம்பரே கிடையாது, எங்க போய்ப் பாக்க?" என்பாள் அம்மா.

ஒரு சாயங்காலம் மாமா போர்வை எடுக்கத் தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்தார். தாத்தாவும் பட்டாளம்தான். அத்தை பிறந்தபோது லீவில் வந்தவர், மூடியின் உட்புறம் 140215 என்று வெள்ளைப் பெயின்டில் எழுதி, பக்கத்தில் மாதமும் வருஷமும் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போனார். திரும்பவில்லை. அதை வைத்துத்தான் பிறகு ஜாதகம் எழுதினார்கள்.

"பதினாலாம் தேதி, சைபர் ரெண்டு பதினஞ்சு" என்று வாசித்தார் மாமா. "பதிமூணு ராத்திரி படுத்து, கோழி கூவுமுன்ன பொறந்திருக்கா."

"பதினாலு ராத்திரி ரெண்டேகாலுல்லா?" என்றார் அப்பா. "ஜோசியர்ட்ட அப்படித்தான சொன்னோம்?"

"பட்டாளத்துல அப்படிக் கிடையாது அத்தான். விடிஞ்சாத்தான் அடுத்த நாளுன்னு நீங்க நினைப்பிய. பன்னெண்டு அடிச்சதுமே நாள் போயிட்டும்பான் இன்னொருத்தன். பதினாலு ராத்திரி ரெண்டு மணிக்குப் பாலத்தைத் தாண்டுன்னு உத்தரவு வந்தா ஒருத்தன் இன்னைக்குப் போய் நிப்பான், ஒருத்தன் நாளைக்கு. தனியா நிக்கவன் செத்தான். அதான் நடுராத்திரியச் சைபரா வச்சுப் புது நாளைத் தொடங்கி, தேதியையும் மணியையும் ஒண்ணாச் சேத்து எழுதுதோம். பகலா ராத்திரியான்னு பேச்சே வராது."

நான் விரல்விட்டு நட்சத்திரங்களை எண்ணினேன்.

"ஒரு நாள் முந்தின்னா பூசம்! அத்தைக்குப் பூசம்!" என்று கத்தினேன். பூசத்தில் ஒரு குற்றமும் கிடையாது.

ராட்டை நின்றது. "நூல் அறுந்துட்டு" என்றாள் அத்தை. எனக்கு அறுந்த மாதிரி தெரியவில்லை. அப்பா பெட்டியை மூடினார். மறுநாள் ஜோசியரும் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுப் பூசம்தான் என்றார். வீட்டில் யாரும் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை அத்தையோடு நானும் போனேன். வழக்கமான கடையில் வழக்கம்போலப் பாம்பு வாங்கினாள்.

"ஒனக்குத்தான் ஆயில்யம் இல்லியே அத்தை, இன்னும் எதுக்கு?"

"வாங்கிப் பழகிட்டு மக்கா."

மாமா சொன்ன கணக்கு அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பதினாலு, சைபர் ரெண்டு, பதினஞ்சு என்று முதலிலிருந்து விளக்கிக்கொண்டே பின்னால் நடந்தேன். சன்னதி வரும்வரை எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள்.