முக்கால் எல்டனும் நாலாவது காரும்

எங்கள் ஊர் சர்ச்சின் நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டில் கடைசிப் படி கிடையாது. கட்டியவன் என் தங்கை ஆர்டித்தின் கணவன், எல்டன் வோபோரில். மற்ற படிகளைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு நேர்த்தி. கடைசிப் படிக்கான பலகையையும் அறுத்து, இழைத்து, சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனான். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவனுக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் காபிப் பாத்திரத்தோடு இறங்கி, இல்லாத படியில் காலை வைத்தார். அதன் பிறகு ஒரு மாதம் நொண்டிக்கொண்டே பூசை வைத்தார். அன்றிலிருந்து எல்டனுக்கு முக்கால் என்று பெயர். எதை எடுத்தாலும் முக்கால்வாசியில் விட்டுவிடுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவன் வீட்டில் குளியலறைச் சுவரில் தோள் உயரம் வரைதான் ஓடு ஒட்டியிருக்கும். கோழிக்கூட்டுக்குக் கூரை இல்லை. கோழிகளும் பழகிவிட்டன, மழை வந்தால் தாமாகவே டிராக்டருக்கு அடியில் போய் நின்றுகொள்ளும். ஆனால் என் தங்கை பழகவில்லை. அவளுக்குக் கார் ஷெட் கதவுதான் தீராத வயிற்றெரிச்சல்.

அந்தக் கதவு மரக்கதவு, நல்ல கனம். நெப்ராஸ்காவின் ஜனவரிக் குளிரில், வேலை முடிந்து வருகிறவள், காரிலிருந்து இறங்கி, பனிக்குள் குனிந்து அதைத் தூக்க வேண்டும். தானாகத் திறக்கிற கதவு வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் எண்பத்தைந்தாம் வருடக் கிறிஸ்துமஸுக்கு எல்டன் அதை வாங்கியே விட்டான். ஒரு பெரிய பெட்டி, அதற்குச் சிவப்பு நாடா. உள்ளே மோட்டார், ரிமோட்டின் சிக்னலைப் பிடிக்கும் டப்பா, இரண்டு ரிமோட்டுகள். ஆர்டித் அழுதேவிட்டாள். ஒரு ரிமோட்டை அப்போதே கொண்டுபோய்த் தன் ஸ்டேஷன் வேகன் காரில், டிரைவர் கண்ணில் வெயில் படாமல் மடக்கிவிடும் வெயில் தட்டியில் மாட்டிவிட்டாள்.

"புத்தாண்டு முடிஞ்சதும் மாட்டிடறேன்," என்றான் எல்டன்.

புத்தாண்டு முடிந்ததும் அவன் டிவியில் மான்ஸ்டர் டிரக்கைப் பார்த்தான். ஆள் உயரச் சக்கரங்களோடு ஒரு பிக்கப் வண்டி வரிசையாக நின்ற கார்கள் மேல் ஏறி அவற்றை அப்பளமாக நொறுக்கிக்கொண்டு போனது. பார்த்த மாத்திரத்தில் இவனுக்குப் பித்து ஏறிவிட்டது. மறுநாள் காலையில் என் வாசலில் நின்றான்.

"மச்சான், உன் சோளக்காட்டுக் கிணத்துல ஒரு பழைய இன்ஜின் சும்மாதானே கிடக்கு?"

"சும்மா கிடக்கல மாப்ளே. ஜூன்ல தண்ணி இறைக்கணும்."

"ஜூனுக்குள்ள திருப்பிக் குடுத்துடறேன்."

இன்றுவரை கொடுக்கவில்லை. அதையும் முக்கால்வாசிக் கடன் என்று எழுதிக்கொள்ளலாம். அச்சு இரண்டும் ராணுவ லாரியுடையவை, ஏலத்தில் எடுத்தான். சக்கரங்கள் உரம் தூவும் வண்டியில் இருந்து கழற்றியவை, அந்த வண்டியைத்தான் அவன் பிழைப்புக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். மேலே ஒரு துருப்பிடித்த பிக்கப் வண்டியின் கூடு. ஐந்து மாதம் ராத்திரி பகலாக வெல்டிங் வைத்தான். முடித்தபோது அது நின்ற உயரத்தைப் பார்த்து என் நாய் என்னை விட்டுவிட்டு ஓடிப்போனது. மூன்று பக்கம் பளபளவென்று பச்சைப் பெயின்ட். நாலாவது பக்கம் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு மட்டும்.

"திருவிழாவுல கேலரில உக்காந்திருக்கறவங்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது மச்சான்," என்றான்.

ஆகஸ்டில் கவுண்டித் திருவிழா வரும், எங்கள் மாவட்டத்துக்கே அதுதான் பெரிய விழா. கன்றுக்குட்டிப் போட்டி, பன்றிப் போட்டி எல்லாம் முடிந்து சனிக்கிழமை மாலை பெரிய கேலரிக்கு முன்னால் ஏதாவது வேடிக்கை வைப்பார்கள். அந்த வருடம் எல்டனின் டிரக் நாலு பழைய கார்கள் மேல் ஏறி இறங்கும் என்று முடிவானது. விழாக் கமிட்டித் தலைவர் ஹார்லன் குபிக் மாட்டு ஏலம் விடுகிறவர், மைக் பிடித்தால் விடமாட்டார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வண்டி தறிகெட்டு ஓடினால், வெளியே நிற்கிற ஓர் ஆள் இன்ஜினை நிறுத்த வழி இருக்க வேண்டும்.

எல்டன் யோசித்தான். அவன் யோசித்தால் எனக்குப் பயம். நேராகக் கார் ஷெட்டுக்குப் போய், சிவப்பு நாடா கட்டியிருந்த பெட்டியைத் திறந்து, சிக்னல் பிடிக்கும் டப்பாவை எடுத்து டிரக்கில் பொருத்திவிட்டான். ரிமோட்டின் பொத்தானை அழுத்தினால் இன்ஜின் செத்துவிடும். விரலை எடுக்கும் வரை மறுபடி உயிர் வராது. பெட்டியில் மிச்சமிருந்த ரிமோட்டை என் கையில் கொடுத்தான்.

"நீதான் மச்சான் பாதுகாப்பு அதிகாரி."

"ஆர்டித்துக்குத் தெரியுமா?"

"திருவிழா முடிஞ்சதும் திரும்ப மாட்டிடுவேன்ல."

அவளுக்குத் தெரிந்தது. பெட்டி காலியாக இருந்ததைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எல்டன் தாங்கிக்கொண்டிருப்பான். இரவுச் சாப்பாட்டின்போது, நானும் இருக்கையில், மெதுவாகச் சொன்னாள்.

"எல்டன், அந்த வண்டி நாலு காரையும் தாண்டட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். தாண்டலைன்னா, திங்கக்கிழமை அது காயலான் கடைக்குப் போகுது. போன் பண்ணி அவங்களை வரச் சொல்றது நானாத்தான் இருப்பேன்."

எல்டன் பன்றிக்கறியை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். வாசல் வரை என்னோடு வந்தவன், "ஊர் என்ன வேணா கூப்பிடட்டும் மச்சான். இது ஒண்ணாவது முழுசா முடியணும்," என்றான். இவனைக் கிண்டல் செய்தே பழகிய நான் அன்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டிரக்கில் ஒரே ஒரு கோளாறு இருந்தது. பின்கட்டில் ஓட்டிப் பார்க்கும்போது, சாயந்திரமானால் இன்ஜின் திடீரென்று நின்றுவிடும். சரியாக ஆர்டித் வேலை முடிந்து வரும் நேரம். கார் உள்ளே திரும்பும், டிரக் சாகும். எல்டன் கார்ப்புரேட்டரைக் கழற்றி மாட்டினான், பெட்ரோல் குழாயை மாற்றினான், ஒயர்களை எல்லாம் மாற்றினான். காலையில் கும்மென்று ஓடும். சாயந்திரம் அவள் வந்தால் போச்சு.

"என் தங்கச்சியைக் கண்டா இன்ஜினுக்கே பயம் மாப்ளே," என்றேன். அவன் அடுத்த ஒயரைக் கழற்ற ஆரம்பித்தான்.

ஜூலையில் ஆர்டித்தின் ஸ்டேஷன் வேகன் கியர் உடைந்து படுத்துவிட்டது. நொறுக்குவதற்கு எல்டனுக்கு மூன்று கார்தான் கிடைத்திருந்தது. அவளே சொன்னாள்: "எடுத்துட்டுப் போய் மிதி. அதுல உக்காந்து அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலிச்சுப் போச்சு."

எல்டன் வேகனின் கண்ணாடிகளை எடுத்தான். பெட்ரோலை வடித்தான். பேட்டரியைக் கழற்றினான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை கேலரி நிரம்பி வழிந்தது. பக்கத்து கவுண்டியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். வேலியோரம் சர்ச் பெண்கள் கசகசா வைத்த கொலாச்சி என்ற இனிப்பு பன் விற்றுக்கொண்டிருந்தார்கள், ஆர்டித்தும் ஏப்ரனோடு அங்கேதான் நின்றாள். நான் களத்து ஓரத்தில் தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில், கையில் ரிமோட்டோடு நின்றேன், என் கல்யாணத்தில்கூட அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை.

"இதோ வருகிறார், நம்ம ஊர் முக்கால்," என்றார் ஹார்லன் மைக்கில். ஊரே சிரித்தது. டிரக் உறுமிக்கொண்டு உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கிணற்று இன்ஜின் அது.

முதல் கார் சட்டென்று அமுங்கியது. இரண்டாவது காரின் கதவு பறந்துபோய் விழுந்தது. மூன்றாவது, ஆர்டித்தின் வேகன். முன்சக்கரம் அதன் கூரை மேல் ஏறியது, கூரை உட்கார்ந்தது, இன்ஜின் நின்றது.

அப்படி ஓர் அமைதியை நான் மழைக்கு முன்னால்கூடக் கேட்டதில்லை. எல்டன் சாவியைத் திருகினான். இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி திருகினான். ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

"வெர்லின், கையை எடுய்யா," என்று ஹார்லன் மைக்கிலேயே என்னிடம் சொன்னார்.

"நான் அழுத்தல," என்று கத்தினேன். யாரும் நம்பவில்லை. ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அப்படியும் பற்றவில்லை.

நாலில் மூன்றாவது கார். கேலரியில் யாரோ ஆரம்பித்தான், "முக்கால், முக்கால்" என்று. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் காலால் பலகையைத் தட்டிக்கொண்டே அதைச் சொன்னார்கள். எல்டன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். எனக்கு ஊர் மேலேயே ஆத்திரம் வந்தது. நானும்தான் வருடக்கணக்காக அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன், ஆனால் நான் அவன் மச்சான்.

அப்போது கொலாச்சிக் கடையிலிருந்து ஆர்டித் வேலியைத் தாண்டி வருவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரமாகவே அவள் தன் காரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நசுங்கிய கூரைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் வெயில் தட்டி பிதுங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் அவளுடைய ரிமோட், பொத்தான் நன்றாக அமுங்கிய நிலையில்.

அவள் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். திங்கட்கிழமை காயலான் கடைக்காரன் வந்திருப்பான். ஆனால் அவள் தீயணைப்பு வண்டியிலிருந்து கொக்கி வைத்த நீளக் கழியை உருவினாள்.

"ஆர்டித், பக்கத்துல போகாதே," என்றேன்.

"பக்கத்துல போகாம இருக்கத்தான் அண்ணே இந்தக் கழி."

எட்ட நின்று கொக்கியை மாட்டி ஓர் இழுப்பு. தட்டி பிய்த்துக்கொண்டு வந்தது. ரிமோட்டை அதிலிருந்து கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். ஹார்லன் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஏலக்காரருக்கு நல்ல சரக்கின் வாசனை தெரியும்.

"எல்டன்," என்றாள் மைக்கில். "இது என்னன்னு தெரியுதா?"

மேலேயிருந்து எட்டிப் பார்த்த எல்டன் முகத்தில் அத்தனை சாயந்திரங்களும் ஒவ்வொன்றாக வந்து போயின. "தினமும் வீட்டுக்கு வந்ததும் அதை அழுத்துவியா?" என்றான்.

"தினமும். ஒருநாள் கதவு திறக்காதான்னு."

கேலரி இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. எல்டன் அவசரமாகச் சாவியைத் திருகினான். ஆர்டித் பொத்தானில் கட்டை விரலை வைத்தாள். பற்றவில்லை.

"முதல்ல சொல்லு. கதவு எப்போ?"

"திங்கக்கிழமை."

"எந்தத் திங்கக்கிழமை?"

எல்டன் கேலரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"வர்ற திங்கக்கிழமை. காலைல. சாப்பிடறதுக்கு முன்னாடி."

"ஹார்லன், கேட்டீங்கல்ல?"

"கவுண்டியே கேட்டுச்சும்மா," என்றார் ஹார்லன்.

எல்லோரையும் ஓரத்துக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டுத்தான் அவள் விரலை எடுத்தாள். என் கிணற்று இன்ஜின் ஒரே திருகில் பற்றியது. டிரக் வேகனை அமுக்கி, நாலாவது கார் மேல் தாவி, அதைத் தட்டையாக்கி, மறுபுறம் தொப்பென்று இறங்கியது. இறங்கிய வேகத்தில் முன்பம்பர் கழன்று விழுந்தது. அதில் ஒரு போல்ட் போட மறந்திருக்கிறான், பரவாயில்லை. கேலரியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆர்டித் கத்தினாள் பாருங்கள், அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருப்பது எனக்கே தெரியாது. எல்டன் கையை ஆட்டிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினான். அவன் வைத்திருந்த ஏணியில் கடைசிப் படி இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை, சாப்பிடுவதற்கு முன்னால், புதிதாக ஒரு டப்பா வாங்கிக் கதவுக்கு மோட்டாரை மாட்டிவிட்டான். அது முழுசாகத் திறக்கிறது, முழுசாக மூடுகிறது. நானே போய்ப் பார்த்தேன். ஊர் இன்னும் முக்கால் என்றுதான் கூப்பிடுகிறது. அது போகாது.

டிரக்கிலிருந்த பழைய டப்பாவை மட்டும் அவன் எடுக்கவில்லை. இரண்டும் ஒரே ரிமோட்டுக்குத்தான் வேலை செய்கின்றன. சாயந்திரம் அவன் பின்கட்டில் இன்ஜினை உறுமவிட்டு நேரம் போவது தெரியாமல் இருப்பான். சாப்பாடு தயாரானதும் ஆர்டித் சமையலறை ஜன்னல் வழியாகப் பொத்தானை அழுத்துவாள். முன்னால் கதவு திறக்கும், பின்னால் டிரக் நிற்கும். இவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவான்.

"பத்து நிமிஷ வேலை மாப்ளே," என்று ஒருநாள் கேட்டேன். "அந்த ஒயரைக் கழட்டிட வேண்டியதுதானே?"

"கழட்டலாம் மச்சான்," என்றான். "அந்த ஒரு வேலையை மட்டும் நான் வேணும்னே முடிக்கல."