தெரு முழுக்க ஒரே சீட்டு

ராதமேஸ் பெகேரோ எங்கள் நாட்டின் தலைநகரில் பிறந்தவர். அதனால் பேஸ்பாலில் தலைநகர் அணியான நீலத்தின் கட்சி. எங்கள் ஊர் சந்தியாகோ முழுக்க எங்கள் அணியான மஞ்சளின் கட்சி. இந்தத் தெருப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, என் மளிகைக் கடைக்குப் பக்கத்து அறையில் பந்தயக் கடை போட்டார். ஒரு கம்பி ஜன்னல், பந்தயச் சீட்டு அடிக்கும் மெஷின், சுவரில் ஒரு டிவி. நியூயார்க்கில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போன மனைவி திரும்பவில்லை. இவர் கடையே கதியென்று இருந்துவிட்டார்.

தங்கமான மனிதர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாய் நீளம். மஞ்சள் தோற்ற மறுநாள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடப்பார், வேண்டுமென்றே. ஆனால் ஜெயித்தவன் காசை ஒருநாளும் இழுத்தடித்ததில்லை. அவர் பிழைப்பு எங்கள் ரோஷத்தில் ஓடியது. இந்தத் தெருவில் எவனும் செத்தாலும் நீலத்தின்மேல் காசு கட்ட மாட்டான். மஞ்சள் தோற்கத் தோற்க அவர் வீட்டில் உலை கொதித்தது. மனசும் கல்லாவும் ஒரே பக்கம் இருக்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

அதில் மண்ணைப் போட்டது போன். இப்போது எல்லார் போனிலும் பேசுகிற உதவியாள் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு எதில் கட்டலாம் என்று கேட்டால் பளிச்சென்று சொல்கிறது. எதிர்வீட்டு யோகாஸ்தா, கம்ப்யூட்டர் படிக்கிற பெண், எனக்கு விளக்கினாள்.

"அதுவா ஒண்ணும் யோசிக்கலக்கா. எங்கேயோ ஒரு கம்பெனி எல்லா ஆட்டத்தோட கணக்கையும் போட்டு, இந்த நாலு டீமையும் சேர்த்துக் கட்டுன்னு ரெடியா கோத்து வெச்சிருக்கு. எல்லா போனும் அங்கேருந்துதான் எடுக்குது."

"அப்ப எல்லாருக்கும் ஒரே அண்டாச் சோறுன்னு சொல்லு."

"அதேதான்."

நாலும் பலித்தால்தான் காசு, பலித்தால் கொட்டும். முன்பெல்லாம் அவனவன் கத்திச் சண்டை போட்டுத் தன் நாலைக் கோப்பான். இப்போது வரிசையில் நின்று ஆளாளுக்குப் போனை ஜன்னலில் காட்டினார்கள். எல்லாருக்கும் அதே நாலு. பெரும்பாலும் ஏதாவது ஒன்று கவிழ்ந்துவிடும். "கோத்துக் குடுக்கிற மகராசன் நல்லா இருக்கணும்" என்று ராதமேஸ் சிரித்தார்.

ஜனவரிக் கடைசி ஞாயிறு, கோப்பைக்கான கடைசி ஆட்டம். மஞ்சளும் நீலமும். அன்றைய நாலில் மூன்று வெளிநாட்டு ஆட்டங்கள். நாலாவது, நீலம் ஜெயிக்கும் என்று. முதலில் வந்தவன் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றும் தினீத்தோ. அவன் வீட்டுக் கதவுகூட மஞ்சள்.

"டேய், நாலாவது நீலம்னு இருக்கு. பாத்தியா?"

"நான் போடலண்ணே. போன் போடுது. என் மனசு மஞ்சள்தான்."

அப்புறம் வந்தவர்களெல்லாம் அதே சாக்கைச் சொன்னார்கள். என் கடையை அப்படியே விட்டு இறங்கினேன். நேரே போய்க் கேட்டேன்.

"யோவ், பைத்தியமாய்யா உனக்கு? நாலும் வந்துதுன்னா கடையே போயிடும். வாங்காதே."

"ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு உன் சீட்டு வேணாம்னு எப்படிச் சொல்றது நூரிஸ்? அப்புறம் எவன் வருவான்?"

அவரும் தன் போனிடம் யோசனை கேட்டிருக்கிறார். அது அவருக்கும் அதே நாலைக் கட்டச் சொன்னது. காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

மதியத்துக்குள் மூன்றும் பலித்துவிட்டன. ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. டிவியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! மஞ்சள் சட்டைக்காரர்கள் நீலம் ரன் எடுக்கும்போதெல்லாம் திருட்டுத்தனமாகக் கை தட்டினார்கள். நீலக்காரரான ராதமேஸ் அல்தாகிராசியா மாதாவிடம் மஞ்சளுக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்று. நீலம் ஒரே ஒரு ரன் முன்னால். மஞ்சள் மட்டை பிடிக்கிறது. இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது; இரண்டு பேர் ஓடி வரத் தயாராக நிற்கிறார்கள். நல்ல அடி ஒன்று விழுந்தால் தெருவுக்குக் கோப்பை, ராதமேஸுக்குக் கடை. அடித்தான். பந்து வானத்துக்குப் போய்ப் பின்சுவரை நோக்கி இறங்கியது. நீலத்துப் பையன் முதுகைக் காட்டி ஓடினான், சுவரில் மோதி எம்பினான், கையுறை நுனியில் பந்து சிக்கியது.

"பிடிச்சிட்டான்! பிடிச்சிட்டான்டா!"

கத்தியது ராதமேஸ். முக்காலி உருண்டது, இரண்டு கையும் மேலே. தெருவும் குதித்தது. குதித்த பிறகுதான் கோப்பை போனது உறைத்தது. அப்படியே நின்றார்கள். தினீத்தோ சீட்டும் கையுமாக நடைபாதையில் உட்கார்ந்து அழுதான். ராதமேஸ் மட்டும் இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், கடை போச்சுய்யா!"

"தெரியும் நூரிஸ், தெரியும். ஆனா என்னமா பிடிச்சான் பாத்தியா!"

ஜன்னலைத் திறந்தார். ஒருவரும் நெருங்கவில்லை.

"வாங்கடா. எழவு வீடு மாதிரி நிக்கிறீங்களே!"

கல்லா காலியாகும்வரை கொடுத்தார். மீதிக்கு டிவியும் மெஷினும் போயின. "நீலத்தால வந்த காசு எனக்கு வேணாம்" என்ற தினீத்தோ, அழுகை நின்றதும் வந்து வாங்கிக்கொண்டான்.

மறுநாள் தலைநகரில் நீலத்தின் வெற்றி ஊர்வலம். காலையிலேயே என் கடைக்கு வந்து நின்றார், கையில் ஒரு பெட்டி. பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றார். கொடுத்தேன். ஊர்வலம் பார்க்கப் போகிறவருக்குப் பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை.